மஞ்சளுக்கு விட்ட இடம்

ஆடி பிறந்தால் எங்கள் பக்கத்து அச்சாபீஸ்காரர்களுக்குச் சோறு தண்ணி கிடையாது. வடகாடு, கீரமங்கலம், கொத்தமங்கலம், அணவயல் என்று ஆலங்குடி வட்டாரம் முழுக்க மொய் விருந்து தொடங்கிவிடும். ஒரே பந்தலில் பலபேர் சேர்ந்து விருந்து வைப்பார்கள். ஒரு பக்கம் ஆட்டுக்கறி வேகும். இன்னொரு பக்கம் வரிசையாக மேசை போட்டு ஆளுக்கொரு நோட்டில் மொய் எழுதுவார்கள். முந்தைய வருஷங்களில் ஊராருக்குச் செய்ததெல்லாம் அன்று திரும்பி வரும். வந்த பணத்தில் போர் போடுவார்கள், கடனை அடைப்பார்கள், பிள்ளையைப் படிக்கப் போடுவார்கள். இத்தனையும் நடக்க வேண்டுமென்றால் முதலில் பத்திரிகை வீடு வீடாகப் போய்ச் சேர வேண்டும்.

அந்தப் பத்திரிகைக்கு மேட்டர் வந்து சேரும் அழகே தனி. கோடு போட்ட நோட்டுத் தாள். உச்சியில் பிள்ளையார் சுழி, குலதெய்வத்தின் பெயர். பிறகு பெயர்கள். பெயருக்கு முன்னால் ஊர், பின்னால் தொழில், அதற்கும் பின்னால் ஊரில் கூப்பிடும் பட்டப்பெயர். தாள் தீரப்போகிற நேரத்தில்தான் எழுதியவருக்குத் தேதி ஞாபகம் வந்திருக்கும். அது ஓரத்தில் நெடுக்காக ஏறியிருக்கும். எந்த இடம் என்று கேட்டால் வாயால்தான் பதில் வரும். "எல்லாருக்கும் தெரியும் தம்பி, நம்ம பள்ளிக்கூடத்துக்கு எதுத்தாப்புல."

புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் படிப்பை முடித்துவிட்டு வேலைக்கு அலைந்துகொண்டிருந்த எண்பதுகளின் கடைசியில், ராஜவீதிப் பக்கம் ஒரு சின்ன அச்சகத்தில் புரூஃப் பார்க்கச் சேர்ந்தேன். ஒரு டிரெடில், இரண்டு கம்பாசிட்டர்கள், ஒரு பைண்டர். மூத்த கம்பாசிட்டரை முதலாளி முதற்கொண்டு எல்லோரும் பெரியவர் என்றுதான் கூப்பிடுவோம். அவர் தொழில் கற்றது சமஸ்தான அச்சகத்தில் வேலை பார்த்த ஒருவரிடம். தொண்டைமான் காலத்தில் புதுக்கோட்டைக்கென்று ஸ்ரீ பிரகதாம்பா ஸ்டேட் பிரஸ் இருந்தது. சமஸ்தானத்துக் கல்வெட்டுகளின் மூலங்களைத் தொகுத்து 1929இல் அங்கேதான் அச்சிட்டார்கள். கே. ஆர். வெங்கடராம அய்யர் எழுதிய சமஸ்தான மேனுவலும் அங்கே அச்சானதுதான். 1948 மார்ச் 3ஆம் தேதி சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது. அந்த அச்சகத்துக் கண்டிப்பு மட்டும் சீடர் வழியாக எங்கள் டிரெடில் வரைக்கும் வந்திருந்தது. கல்வெட்டு நூலில் ஒரு வரி பிசகினால் சரித்திரம் பிசகும் என்று பயந்து வேலை பார்த்தவர்களின் வாரிசு, கல்யாணப் பத்திரிகையிலும் அதே பயத்தோடுதான் கை வைப்பார்.

எழுத்துக் கோக்கும் ஸ்டிக்கைக் கையில் எடுப்பதற்கு முன் வந்தவரிடம் மூன்று கேள்வி கேட்பார். இதை யார் படிக்கப் போறாக? எங்க வச்சுப் படிப்பாக, கையிலயா, சுவத்துலயா? படிச்சு முடிச்சதும் அவுக என்ன செய்யணும்? வந்தவருக்கு எரிச்சலாக இருக்கும். "நீங்க அடிங்க பெரியவரே, அவுக படிச்சுக்குவாக" என்பார்கள். ஆனால் பதில் வாங்காமல் அவர் எழுத்து கேஸ் பக்கம் போகமாட்டார். பிற்பாடு வடிவமைப்பு பற்றி எத்தனையோ புத்தகங்களைப் புரட்டியிருக்கிறேன். அந்த மூன்று கேள்விகளைத் தாண்டிப் போன புத்தகம் ஒன்றிரண்டுகூட இல்லை.

ஈய எழுத்துக் காலத்து வேலையைப் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். இன்றைக்குக் கம்ப்யூட்டரில் வெற்றிடம் என்பது எதுவும் செய்யாமல் விட்ட இடம். அன்றைக்கு அப்படியில்லை. இரண்டு சொல்லுக்கு நடுவே இடைவெளி வேண்டுமானால் ஒரு ஸ்பேஸை எடுத்துச் செருக வேண்டும். வரி பாதியில் முடிந்தால் மீதியைக் குவாடு போட்டு நிரப்ப வேண்டும். இரண்டு வரிக்கு நடுவே ஈயத் தகடு. நாலு பக்கமும் மரக்கட்டைகள், அவற்றுக்குப் பெயர் பர்னிச்சர். எல்லாவற்றையும் சேஸுக்குள் வைத்து முடுக்கினால்தான் எழுத்து உதிராமல் நிற்கும். தாளில் வெள்ளையாகத் தெரிகிற ஒவ்வொரு இடத்தையும் நாங்கள் கையால் எடுத்து வைத்தோம். அதற்கு எடை உண்டு, அளவு உண்டு, 12 பாயிண்டா 24 பாயிண்டா என்ற கணக்கு உண்டு. அதனால் எவ்வளவு இடம் விடுவது என்று யோசிக்காமல் விடவே முடியாது.

காசு கொடுக்கிறவருக்கோ வெள்ளைத் தாள் கண்ணை உறுத்தும். "முழுத் தாளுக்கும்தானே காசு வாங்குறீங்க, இவ்வளவு இடம் சும்மா கெடக்கே, அதுல ரெண்டு பேரைப் போடுங்க" என்பார்கள். இந்தச் சண்டை எங்கள் அச்சகத்தில் தினம் ஒன்று நடக்கும். கல்யாணப் பத்திரிகையில் மட்டும் பெரியவர் ஜெயித்துவிடுவார். "நாலு மூலையிலயும் மஞ்சள் தடவணும்ல? எழுத்து மேல தடவுனா உங்க மச்சினன் பேரு அழிஞ்சிரும், பரவாயில்லையா?" என்று கேட்பார். மறுபேச்சு இருக்காது. மஞ்சளுக்கென்று விட்ட அந்த ஓரம், பத்திரிகைக்கு ஒரு சட்டம் போட்ட மாதிரி அழகைக் கொடுத்துவிடும். பிடித்துப் படிக்கிறவரின் கட்டைவிரலும் எழுத்தை மறைக்காது. ஓரம் விடு என்று உத்தரவு போடுவதைவிட, ஓரத்துக்கு ஒரு வேலை இருக்கிறது என்று காட்டுவது லேசு. இதை நான் இன்று வரை பயன்படுத்திக்கொண்டிருக்கிறேன்.

பெயர்ப் பிரச்சினை அவ்வளவு சுலபத்தில் தீராது. எங்கள் பத்திரிகைகளில் பெயர் என்பது வெறும் தகவல் இல்லை. யார் பெயருக்குப் பிறகு யார் பெயர், தாய்மாமன் பெயர் எங்கே, பங்காளிகளில் யார் விட்டுப்போனார்கள் என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள். பெயர் விட்டுப்போய், ஒரு தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை நின்ற குடும்பங்கள் எங்கள் பக்கம் உண்டு. அதற்காகத்தான் பெயர்களைப் பெரிதாகப் போடச் சொல்வார்கள். ஒருவர் பெயரைப் பெரிதாக்கினால் எல்லார் பெயரையும் பெரிதாக்க வேண்டும். எல்லாம் பெரிதானால் எதுவும் பெரிதில்லை. நடுவில் தேதி காணாமல் போகும். பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டே, "கல்யாணம் என்னைக்குப்பா?" என்று கேட்கிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

பெரியவர் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். "மரியாதைய வரிசையில காட்டு தம்பி, சேதிய அளவுல காட்டு" என்பார். பெயர்கள் எல்லாமே ஒரே அளவு, ஒரே 12 பாயிண்ட் தடித்த எழுத்து. மூத்தவர் முதலில், தாய்மாமன் அவருக்குரிய இடத்தில். யாருக்கும் எழுத்தில் ஏற்றத்தாழ்வு கிடையாது, வரிசையில் மட்டும்தான். மாப்பிள்ளை வீட்டார் இடப்பக்கம், பெண் வீட்டார் வலப்பக்கம், நடுவே நல்ல இடைவெளி. ஒரு கட்டாக நிற்கிற பெயர்கள் ஒரு குடும்பம் என்று படிக்காமலே தெரிந்துவிடும். அளவு என்கிற ஆயுதத்தை நாள், நேரம், இடம் மூன்றுக்கு மட்டும் எடுத்து வைத்துவிடுவார். அந்த மூன்றும் 18 பாயிண்டில், மேலும் கீழும் ஒரு வரி இடம் விட்டு நிற்கும். மரியாதை கெடவும் இல்லை, தேதி தொலையவும் இல்லை.

மேல்நாட்டுப் புத்தகங்கள் முக்கியமானதைப் பெரிதாகப் போடு என்று ஒரே வரியில் முடித்துவிடும். நம்மிடம் முக்கியம் இரண்டு வகை. கொடுக்கிறவருக்கு முக்கியம் ஒன்று, வாங்கிப் படிக்கிறவருக்கு முக்கியம் வேறொன்று. இரண்டையும் அளவாலேயே காட்டப் போனால் அடிதடிதான். ஒன்றை வரிசைக்கும் மற்றதை அளவுக்கும் பிரித்துக் கொடுத்ததுதான் அவருடைய சாமர்த்தியம்.

நாடக நோட்டீஸ் வந்தால் மட்டும் இந்த விதி தலைகீழாகிவிடும். பங்குனி, சித்திரைத் திருவிழாக்களுக்கு ஊர் ஊராக வள்ளி திருமணம் நடக்கும். புதுக்கோட்டையில் நாடக நடிகர் சங்கம் இருப்பதால் நடிகர்களை ஒப்பந்தம் பேச வருகிற ஊர்க்காரர்கள் அப்படியே நோட்டீஸுக்கும் சொல்லிவிட்டுப் போவார்கள். இங்கே பெயர்தான் சேதி. கதை எல்லாருக்கும் மனப்பாடம். முருகனாக வரும் ராஜபார்ட் யார், வள்ளியாக வரும் ஸ்திரீபார்ட் யார், நாரதர் யார், பபூன் யார், ஆர்மோனியத்தில் யார் உட்காருகிறார்கள் என்று பார்த்துத்தான் ஜனங்கள் விடிய விடிய உட்காருவதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். ஆகவே பெயரும் படமும் பெரிதாகத்தான் வேண்டும். ஆனால் படம் என்பது பிளாக். பிளாக் வெளியூரில் செய்து வரவேண்டும், அவரவர் பிளாக்கை அவரவர் வைத்திருப்பார்கள், ஒருவருடையது பெரிது, ஒருவருடையது சின்னது. பபூன் பிளாக் ராஜபார்ட் பிளாக்கைவிட ஒரு விரற்கடை பெரிதாக இருந்து, அதனால் ராத்திரி மேடையேற மாட்டேன் என்று கிளம்பியவரைச் சமாதானம் செய்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

இதை நாங்கள் வேடிக்கையாகத்தான் நினைத்தோம். பல வருஷம் கழித்து, சூசன் சைசர் என்கிற அமெரிக்க மானிடவியலாளர் மதுரையை மையமாக வைத்து, வள்ளி திருமணம் போன்ற ஸ்பெஷல் நாடகங்களின் நடிகர்களைப் பற்றி எழுதி 2005இல் வெளியான புத்தகத்தைப் பார்த்தேன். அதில் நாடக நோட்டீஸுக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. எந்த நடிகர் படம் எந்த இடத்தில் என்பதை வைத்து அந்தத் தொழிலின் மேல் கீழ் அடுக்கையே விரித்துக் காட்டியிருக்கிறார். கிழித்துப் போடுகிற ரோஸ் தாள் என்று நாங்கள் நினைத்தது ஓர் ஆராய்ச்சிக்கு ஆதாரமாக ஆகியிருந்தது.

1991இல் அறிவொளி இயக்கம் வந்தது. ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த நேரம். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்துக்காரர்கள், வாத்தியார்கள், கல்லூரிப் பிள்ளைகள், ஊர்ப் பெண்கள் என்று மாவட்டமே எழுத்தறிவு வேலையில் இறங்கியது. பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டதும் அப்போதுதான். பி. சாய்நாத் அதைப் பற்றி எழுதி, புதுக்கோட்டை சைக்கிள் உலகத்துக்குத் தெரிந்துபோனது. எங்கள் அச்சகத்துக்கு வட்டாரக் குழுக்களின் நோட்டீஸ் வேலை வந்தது. கூட்டம் என்றைக்கு, கலைப்பயணம் எந்த ஊரில், சைக்கிள் பயிற்சி எப்போது என்று சின்னச் சின்ன நோட்டீஸ்கள். டெம்மியில் எட்டில் ஒரு பங்கு, மலிவான கலர் தாள். சாயங்காலங்களில் நானும் ஒரு கிராமத்து வகுப்பில் தொண்டராகப் போய் உட்காருவேன். காலையில் அச்சடித்த நோட்டீஸை ராத்திரி அரிக்கேன் விளக்கில், அப்போதுதான் எழுத்துக் கூட்டத் தொடங்கியிருந்தவர்கள் படிப்பதை நேராகப் பார்த்தேன். அச்சுத் தொழிலில் இருக்கிற யாருக்கும் இப்படி ஒரு பள்ளிக்கூடம் வாய்க்காது.

சரளமாகப் படிக்கத் தெரிந்தவனுக்கு எந்தக் கோணல் நோட்டீஸும் புரிந்துவிடும். குறையைக் கண்ணே நிரப்பிக்கொள்ளும். புதிதாகப் படிக்கிறவர்களுக்கு அது முடியாது. நடவு முடித்து வந்த ஓர் அம்மா விரலை வைத்து வரியை ஓட்டிக்கொண்டு வருவார். வரி முடிந்ததும் விரலை இடப்பக்கம் கொண்டுபோவார். அங்கே அடுத்த வரி இருக்காது. நாங்கள் நோட்டீஸில் எல்லா வரியையும் நடுவாக்கி அடுக்கியிருப்போம், ஒவ்வொரு வரியும் ஒவ்வோர் இடத்தில் தொடங்கும். எங்களுக்கு அது கோபுரம் மாதிரி அழகு. அவருக்கு அது வழியில்லாத காடு. விரல் இரண்டு வரி தள்ளிப் போய்விடும், முதல் வரியும் மூன்றாவது வரியும் ஒட்டிக்கொண்டு ஏதோ ஓர் அர்த்தம் வரும்.

அடுத்தது சொல்லை உடைப்பது. தமிழ்ச் சொல் நீளம். குறுகிய தாளில் வரிக்கு மூன்று சொல்தான் பிடிக்கும். இரண்டு ஓரமும் நேராக நிற்க வேண்டும் என்பதற்காகச் சொல்லை எங்கே வேண்டுமானாலும் வெட்டி அடுத்த வரியில் போடுவது அச்சுக்கூட வழக்கம். வரியின் தொடக்கத்தில் புள்ளி வைத்த எழுத்து வரக்கூடாது, அது ஒன்றுதான் கட்டுப்பாடு. ஆங்கிலத்தில் வைக்கிற சிறு கோடும் கிடையாது. 'நடைபெறு' என்று ஒரு வரி முடியும், 'கிறது' என்று அடுத்த வரி தொடங்கும். "கிறதுன்னா என்னா தம்பி?" என்று கேட்டார்கள். என்ன பதில் சொல்வது?

மூன்றாவதுதான் பெரிய சிக்கல். 1978இல் எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டது. பெரியார் 1935லேயே குடி அரசு இதழில் கைக்கொண்ட மாற்றங்களைத்தான் அரசு ஏற்றுக்கொண்டது. லை, ளை, ணை, னை நான்கும் அதுவரை யானைத் துதிக்கை போல முன்னால் ஒரு சுழியைத் தூக்கிக்கொண்டு நின்றவை. றா, ணா, னா போன்றவை தனிக் கால் இல்லாமல் உடம்பிலேயே வளைந்தவை. ஆணை வந்த பிறகு பாடப்புத்தகங்கள் மாறின. ஆனால் சின்ன அச்சகங்களில் எழுத்து என்பது ஈயம், ஈயம் என்பது காசு. எங்களிடம் 12 பாயிண்டில் புது எழுத்து இருந்தது. 24 பாயிண்டும் சுவரொட்டிக்கான மர எழுத்தும் பழசு. ஆக, கண்ணில் பட வேண்டிய தலைப்பில்தான் பழைய லையும் னையும் வரும். அறிவொளிப் புத்தகத்தில் புது எழுத்தைப் படித்த பெண்கள் 'மாலை 6 மணி' என்பதில் 'மாலை'க்கு முன் நின்றுவிட்டார்கள். படித்தவர்கள் யாருக்கும் இப்படி ஒரு தடை இருப்பதே தெரியாது, அவர்கள் இரண்டையும் பார்த்து வளர்ந்தவர்கள்.

தேய்ந்த எழுத்தின் கொடுமையையும் அந்த வகுப்பில்தான் கண்டேன். ஒற்றைக் கொம்பில் மை அடைத்தால் இரட்டைக் கொம்பாகிவிடும், 'செல்' 'சேல்' ஆகும். ரகரத்தின் அடிக்கால் தேய்ந்தால் அது துணைக்கால் ஆகிவிடும். புள்ளி உதிர்ந்தால் சொல்லே வேறு. கறுப்பு மையில் அடித்த அடர்த்தியான ரோஸ் தாளை மங்கலான விளக்கில் வைத்தால் இருட்டில் இருட்டு.

இதையெல்லாம் மறுநாள் பெரியவரிடம் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கேட்டுவிட்டு ஒரு பீடியைப் பற்றவைத்தார். "நாப்பது வருசமா படிச்சவுகளுக்கு அடிச்சுட்டேன்" என்று மட்டும் சொன்னார். அடுத்த அறிவொளி நோட்டீஸை அவரே கோத்தார். எல்லா வரியும் இடப்பக்கம் ஒரே நேர்கோட்டில் தொடங்கியது. வலப்பக்கம் வரி எங்கே முடிகிறதோ முடியட்டும் என்று விட்டுவிட்டார். ஒரு சொல்லைக்கூட உடைக்கவில்லை. ஒரு வரியில் ஒரு சேதி. தலைப்பில் 'மாலை' வேண்டாம், 'சாயந்திரம்' என்று போட்டுவிட்டார், அதில் பழைய எழுத்துத் தொந்தரவு இல்லை. வரிகளுக்கு நடுவே வழக்கத்தைவிட ஒரு தகடு கூடுதல். தாள் வெளிர் மஞ்சள். ஓரத்தில் அலங்காரப் பூ கிடையாது, அதற்குப் பதில் ஒரு சைக்கிள் படம், அவ்வளவுதான். பார்க்க மொட்டையாக இருந்தது. முதலாளிக்குப் பிடிக்கவில்லை. அன்று ராத்திரி வகுப்பில் ஒருவர் பின் ஒருவராக வாங்கி, நான் எதுவும் சொல்லாமலே படித்து, எந்த ஊருக்கு எப்போது போக வேண்டும் என்று அவர்களே பேசிக்கொண்டார்கள்.

அந்த நாட்களில் பக்கத்தைப் பிரிப்பது பற்றிப் பெரியவர் சொன்ன ஓர் உதாரணம் உண்டு. எங்கள் ஊர்த் தெருக்களைத் திவான் சேஷையா சாஸ்திரி காலத்தில் நேர் நேராகத் திருத்தியமைத்தார்கள். ராஜவீதிகள் நாலு, அவற்றுக்கு இணையாக இரண்டாம் வீதி, மூன்றாம் வீதி என்று எண் போட்டுக்கொண்டு போகும். புது ஆள்கூட வழி கேட்காமல் நடந்துவிடலாம். "பக்கமும் அப்படித்தான் தம்பி. தெருவ முதல்ல போட்டுட்டு அப்புறம் வீட்டக் கட்டு" என்பார். எழுத்தைக் கோப்பதற்கு முன் பென்சிலால் தாளில் நாலைந்து கோடு கிழித்துக்கொள்வது அவர் பழக்கம். இன்று இதை கிரிட் என்கிறார்கள்.

அறிவொளி நண்பர்களோடு ஒருமுறை குடுமியான்மலைக்குப் போனபோது, சிகாநாதசுவாமி கோயிலை ஒட்டிய பாறைச் சரிவில் இருக்கும் இசைக் கல்வெட்டைப் பார்த்தேன். ஏழாம் நூற்றாண்டு என்கிறார்கள். பல்லவ கிரந்தம், என்னால் ஓர் எழுத்தும் படிக்க முடியாது. ஆனாலும் அது எப்படி அமைந்திருக்கிறது என்பது பார்த்ததுமே தெரிந்தது. ஏழு பகுதி, ஒவ்வொன்றுக்கும் தலைப்பு, சுரங்கள் நான்கு நான்காகக் கூட்டு, கூட்டுக்குக் கூட்டு இடைவெளி. படிக்கத் தெரியாத என் கண்ணையும் அது வரிசை தவறாமல் கூட்டிக்கொண்டு போனது. பாறையில் இடத்துக்குப் பஞ்சமில்லை என்று சொல்லலாம். உளி பிடித்தவன் கையும் இடம் விட யோசித்திருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

நம் மாவட்டத்துக்காரர் ஒருவரையும் இங்கே சொல்லியாக வேண்டும். ராயவரத்தில் பிறந்த வை. கோவிந்தன். சென்னைக்குப் போய் 1939இல் 'சக்தி' இதழைத் தொடங்கியவர், சக்தி காரியாலயம் வழியாக டால்ஸ்டாய் தொடங்கி எத்தனையோ நூல்களைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர், 1957இல் பாரதி கவிதைகளை ஒன்றரை ரூபாய்க்குக் கொடுத்தவர். திருக்கோகர்ணத்தில் பா. கிருஷ்ணமூர்த்தியும் டோரதி கிருஷ்ணமூர்த்தியும் கட்டிக் காத்த ஞானாலயா நூலகத்தில் பழைய பதிப்புகளைப் பார்க்கிற வாய்ப்பு கிடைத்தபோது, நான் உள்ளே படித்ததைவிடத் தலைப்புப் பக்கங்களைத்தான் அதிகம் பார்த்தேன். மலிவு விலை என்பதற்காக அச்சு மலிவாக இருக்க வேண்டியதில்லை என்று நினைத்த பதிப்பாளர்களின் கை அந்தப் பக்கங்களில் தெரியும். புத்தகத்தின் பெயர், எழுதியவர் பெயர், கீழே பதிப்பகம், நடுவில் நிறைய வெள்ளை. அதே ராயவரத்தில் பிறந்த அழ. வள்ளியப்பா குழந்தைகளுக்கு எழுதியவர். குழந்தைப் புத்தகங்களைப் புரட்டினால் பெரிய எழுத்து, குட்டி வரி, ஒரு பக்கத்துக்கு ஒரு படம். குழந்தைக்கு அவ்வளவு பார்த்துச் செய்கிற நாம் பெரியவர்களுக்கு மட்டும் ஏன் அடைத்து அடைத்துக் கொடுக்கிறோமோ தெரியவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் கம்ப்யூட்டர் வந்தது. பேஜ்மேக்கர் கற்றுக்கொண்டேன். ஈயத்தை எடைக்குப் போட்டோம். எடைக்குப் போட்ட அன்று பெரியவர் கடைக்கு வரவில்லை. கம்ப்யூட்டர் பெரிய வசதிதான், இல்லையென்று சொன்னால் அது பொய். புள்ளி உதிராது, கொம்பில் மை அடைக்காது. ஆனால் ஈய எழுத்தை இழுக்க முடியாது, இதில் இழுக்கலாம். இடம் பார்த்து எழுத்தை அகலப்படுத்துவார்கள், ஒடுக்குவார்கள், நிழல் போடுவார்கள், வில்லாக வளைப்பார்கள். அகலமாக இழுத்த 'ண'வைப் பாருங்கள், குத்துக்கோடுகள் தடித்து, படுக்கைக்கோடுகள் மெலிந்து, உடம்பு நசுங்கிக் கிடக்கும்.

அந்தச் சமயத்தில் ஒரு நண்பர் ராபின் வில்லியம்ஸின் புத்தகத்தைக் கொடுத்தார். சினிமா நடிகர் இல்லை, அதே பெயரில் ஓர் அம்மையார். வடிவமைப்பாளர் அல்லாதவர்களுக்கென்று 1994இல் எழுதியது. வேறாக இருப்பதை நன்றாகவே வேறாகக் காட்டு, ஒன்றைத் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வை, ஏதோ ஒரு கோட்டோடு சேர்த்து நிறுத்து, சேர்ந்தவற்றைச் சேர்த்து வை என்று நாலே கொள்கையில் முழு விஷயத்தையும் சொல்லிவிடுகிறார். அருமையான புத்தகம். ஆனால் அது ஆங்கில எழுத்துக்கு எழுதியது. அங்கே பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று இரண்டு இருக்கிறது, சாய்வெழுத்துக்கு நீண்ட மரபு இருக்கிறது. நமக்கு அளவு, தடிமன், நிறம், இடம் இவைதான் கருவி. அதிலும் நம் எழுத்துக்கு மேலே சுழியும் கீழே வாலும் உண்டு. ஆங்கிலத்துக்குச் சொன்ன வரி இடைவெளியை அப்படியே தமிழுக்கு வைத்தால், மேல் வரியின் 'கூ' வாலும் கீழ் வரியின் 'கீ' சுழியும் முட்டிக்கொள்ளும். 10 பாயிண்ட் எழுத்துக்கு 13, 14 பாயிண்டாவது வரிக்கு ஒதுக்கினால்தான் தமிழ் மூச்சுவிடும். பெரியவர் போட்ட அந்தக் கூடுதல் தகட்டின் கணக்கு இதுதான்.

இப்போது எல்லாம் பிளெக்ஸ். மொய் விருந்துக்குப் பணம் எண்ண எந்திரம் வந்துவிட்டது, மொய் எழுதவும் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. பந்தல் முகப்பில் நாற்பது முகங்கள் சிரிக்கின்றன, பின்னால் மலையும் அருவியும் காளையும். தேதி எங்கோ ஒரு காலடியில். இதை வெறும் ரசனைக் குறை என்று திட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. முகம் போடுவதும் மரியாதைதான், அன்றைக்குப் பெயர் போட்டதைப் போல. மரியாதையைக் காட்ட வரிசை போதும் என்பதைத்தான் மறந்துவிட்டோம்.

ஆகவே பத்திரிகை அடிக்கவோ பிளெக்ஸ் வைக்கவோ போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நோட்டுத் தாளில் முதல் வரியாக நாள், கிழமை, நேரம் எழுதுங்கள். இரண்டாவது வரியில் இடம், ஊர், இறங்க வேண்டிய பஸ் ஸ்டாப். பெயர்களை அதற்குப் பிறகு, வரிசை எண் போட்டு எழுதுங்கள், அளவை அச்சகத்துக்காரரிடம் விட்டுவிடுங்கள். புரூஃப் வந்ததும் மேசையில் வைத்துப் பார்க்காமல் சுவரில் ஒட்டி, பத்தடி தள்ளி நின்று பாருங்கள். வீட்டில் எழுத்துக் கூட்டிப் படிக்கிற ஆத்தா யாராவது இருந்தால் கூப்பிட்டு, என்றைக்கு, எந்த ஊரில் என்று கேளுங்கள். அவர் சொல்லிவிட்டால் கையெழுத்துப் போடுங்கள். சொல்லாவிட்டால், எவ்வளவு அவசரமானாலும் சரி, இன்னொரு புரூஃப் கேளுங்கள்.